பெயரில்லாப் பலகை

குற்றாலத்துக்குத் தெற்கே ஒரு மலை இருந்தது. பெயரைச் சொன்னால் நாளைக்கே ஏறிப் பார்த்துவிட்டு வந்து அத்தனையும் பொய் என்பீர்கள். அதனால் சொல்லப் போவதில்லை. அந்த மலைமேல் ஒரு மருந்துச்சாலை. அங்கே கொசு கடித்தால் காய்ச்சல் வராது, இருந்த காய்ச்சல் இறங்கிவிடும் என்று அடிவாரத்தில் பேசிக்கொள்வார்கள். கொசுவைத் தேடிப் போய்க் கையை நீட்டியவர்களும் உண்டு.

மருந்துச்சாலையை நடத்தியவர் உலகம்மை. வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. அவர் விசாரித்தால் கல்கூடத் தன் பிறப்பைச் சொல்லிவிடும் என்பார்கள். கொசு விஷயத்தை நீங்கள் தள்ளிவிடலாம். இதைத் தள்ளாதீர்கள்.

அவரிடம் ஏழு பேர் படித்தார்கள். ஆறு பேர் உள்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஏழாவது ஆள் வெளியே, ஒரு மரப்பலகைக்கு அடியில் படுத்தார். அவர்தான் குற்றாலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. குருவைவிட இருபது வருஷத்துக்கு மேல் மூத்த சீடர். அவர் குருவை அம்மை என்றார். குரு அவரை அண்ணாச்சி என்றார்.

அந்தப் பலகைக்குப் பெயரில்லாப் பலகை என்று பெயர். மலைக்கு எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் அதன்மேல்தான் ஏறும். கற்பூரம் வந்தாலும் அப்படித்தான். வாசனை ஊரைக் கூட்டும். இருந்தாலும் ஓலையில் பெயர் எழுதிக் கட்ட மாட்டார்கள். தண்ணீரில் போட்டு, சுண்ணாம்புத் தெளிவில் போட்டு, தீயில் காட்டி, மூன்று கேள்விக்கும் அது பதில் சொன்ன பிறகே ஓலை கட்டி உள்ளே எடுப்பார்கள். சுண்ணாம்பைக் கரைத்து அடியில் படிய விட்டு மேலே எடுக்கும் நீர்தான் சுண்ணாம்புத் தெளிவு.

ஆள் விஷயத்திலும் அதே வழக்கம். உலகம்மை சொல்லும்வரை புதிதாக வந்தவர் பலகைக்கு அடியில் படுக்க வேண்டும். மற்ற ஆறு பேரும் ஆறு மாதம், எட்டு மாதம் படுத்துவிட்டு உள்ளே போனவர்கள். குற்றாலிங்கத்துக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது.

உள்கூடத்தில் ஏழாவது பாய்க்கு இடம் இருந்தது. அதில் ஒரு பூனை படுத்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பூனை, இடது காது கொஞ்சம் கிழிந்தது. தினமும் விளக்கு அணைக்கிற நேரத்தில் அது வாலைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போகும். எலிகூடப் பிடிக்காத பூனை. குற்றாலிங்கம் அதைப் பார்க்கிற பார்வை நல்ல பார்வை இல்லை.

குற்றாலிங்கம் சாதாரண ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மலைக்கு வருமுன் ஒரு ஜமீனில் முப்பது வருஷம் உக்கிராணம் என்ற சரக்கறையைப் பார்த்தவர். அரிசி, பருப்பு, உப்பு, மருந்துச் சரக்கு எல்லாம் அவர் நாக்கைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தால் அது எந்த உப்பளத்து உப்பு, வாரின அன்று காற்று எந்தத் திசை, வாரினவர் வெற்றிலை போடுகிறவரா என்பதுவரை சொல்லுவார். மூன்றாவதைச் சரிபார்க்க ஜமீன்தார் தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பினார். சரியாக இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் மலைக்கு வந்ததற்கு ஒரு யானை காரணம்.

ஜமீன் யானைக்கு ஒரு நாள் வயிறு உப்பி, தீவனம் இறங்கவில்லை. யானை பிளிறுகிற பிளிறலில் மூன்று ஊரில் பால் திரிந்தது. வைத்தியர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் உலகம்மையை அழைத்து வந்தார்கள். அவர் யானையைப் பார்க்கவில்லை. அதன் தீவனத்தில் போடும் உப்பைக் கேட்டார்.

குற்றாலிங்கம் உப்பை நாக்கில் வைத்துக் காட்டி, தூத்துக்குடி உப்பு, குற்றம் சொல்ல முடியாது என்றார்.

உலகம்மை அவருடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்தே கொஞ்சம் சுண்ணாம்பை வழித்தார். உள்ளங்கையில் அந்த உப்போடு சேர்த்துத் தேய்த்தார். தேய்த்த கையை நீட்டினார்.

நெடி மூக்கைப் பிளந்தது. கூட்டம் பின்னால் போனது. யானை தானாக நாலு எட்டுப் பின்வாங்கியது. முப்பது வருஷத்தில் எந்த நெடிக்கும் அசையாத உக்கிராணக்காரர் கண்ணில் நீர் கொட்ட நின்றார்.

உப்போடு நவச்சாரம் கலந்திருக்கிறது என்றார் உலகம்மை. விசாரித்தால், போன வாரம் அரண்மனைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர் தன் நவச்சாரப் பானையை உப்புத் தொட்டிப் பக்கம் வைத்திருக்கிறார். யாரோ உப்பென்று நினைத்துத் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். யானை பிழைத்தது.

குற்றாலிங்கம் அன்றே சாவிக் கொத்தை ஜமீன்தார் முன்னால் வைத்துவிட்டு உலகம்மையின் பின்னால் மலையேறினார். ஏறும்போது ஒன்று சொன்னார். அன்று அவருக்கு ஜலதோஷமாம். இல்லாவிட்டால் அவர் நாக்கு ஏமாறியிருக்காதாம்.

ஜலதோஷம் பிடித்த மூக்குக்கு அந்த நெடி எப்படி எட்டியது என்று யானைப்பாகன் கேட்டானாம். அவர் இன்னும் வேகமாக ஏறினாராம்.

மூன்று வருஷமாக அந்த ஜலதோஷம் மலையில் இருந்தது. யானைக் கதையை யார் எடுத்தாலும் குற்றாலிங்கம் மூக்கைத் தொட்டுக்கொண்டு, அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் என்பார். உள்கூடத்து ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் தும்முவார்கள். உலகம்மை ஒருநாளும் சிரித்ததில்லை.

ஒரு நாள் காலை அவர் கேட்டுவிட்டார்.

"மூணு வருஷம் ஆச்சு அம்மை. நான் எப்படிப்பட்ட ஆள்னு இன்னும் தெரியலையா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்தும் தெரியலையா?"

"பாத்தா எதுவும் தெரியாது அண்ணாச்சி."

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. முப்பது வருஷம் பார்த்துச் சொன்னவரிடம் சொல்கிற பேச்சா இது. உலகம்மை அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் இரண்டு சிப்பி எடுத்து வந்தார். இரண்டிலும் நன்றாக அரைத்த வெள்ளைப் பொடி. தொடாமல், நாக்கில் வைக்காமல் சொல்லச் சொன்னார்.

குற்றாலிங்கம் வெயிலில் வைத்துப் பார்த்தார். நிழலில் வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஒரே சரக்கு. ஒரே சாடியில எடுத்து ரெண்டா வச்சிருக்கீங்க."

உலகம்மை இரண்டு சிப்பியிலும் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றினார். ஊற்றியதும் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது.

ஒரு சிப்பி கறுத்தது. அடுப்புக் கரி மாதிரிக் கறுப்பு.

இன்னொன்று மஞ்சளானது. அரைத்த மஞ்சள் மாதிரி மஞ்சள்.

குற்றாலிங்கம் குனிந்தவர் நிமிர வெகு நேரமாயிற்று. அந்த அழகை எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. வெள்ளை, தண்ணீர் நிறம், இந்த இரண்டுக்குள் இருந்து ஒரு கறுப்பு, ஒரு மஞ்சள். விடியற்காலையில் யாரோ வந்து வானத்தில் கை வைத்தது போல.

"கறுத்தது பூரம்" என்றார் உலகம்மை. "புண்ணுக்குக் கொடுக்குற மருந்து. மஞ்சளானது வீரம். அரிசியளவு உள்ள போனா ஆள் இருக்க மாட்டான்."

"இந்தக் கறுப்பு பூரத்துக்குள்ளேயே இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப சுண்ணாம்புல?"

"அதுலயும் இல்ல."

"பிறகு எங்க இருந்து வந்துச்சு?"

"எங்க இருந்தும் வரல. உள்ள இருந்த ஆளுக இடம் மாறி உக்காந்துட்டாங்க."

உக்கிராணக்காரர் புத்தி சும்மா இருக்குமா. சரக்கு மாறினால் எடை மாற வேண்டும் என்றார். உலகம்மை மருந்துத் தராசை எடுத்து வரச் சொன்னார். புதிதாகப் பொடி, புதிதாகத் தெளிவு. சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை, சேர்த்த பிறகு ஒரு தடவை. குற்றாலிங்கமே நிறுத்தார். குன்றிமணி ஒவ்வொன்றாக வைத்து, மூச்சை அடக்கி நிறுத்தார். மூன்று தடவை நிறுத்தார். தராசு முள் இப்படியோ அப்படியோ ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"ஒண்ணும் போகல. ஒண்ணும் வரல" என்றார். குரல் இறங்கியிருந்தது.

உலகம்மை தன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றிச் சொன்னார். அங்கே பின்னல் கோலாட்டம் உண்டு. நடுவில் கம்பம், அதிலிருந்து எட்டுக் கயிறு, எட்டுப் பெண்கள். ஆட்டம் தொடங்கும்போது கயிறு தனித்தனியாகத் தொங்கும். ஆடி முடித்தால் கம்பத்தில் ஜடை விழுந்திருக்கும். ஒரு பெண்கூட வீட்டுக்குப் போகவில்லை, ஒரு பெண்கூடப் புதிதாக வரவில்லை. அவருடைய அத்தை ஒருத்தி ஆட்டம் நடக்கும்போது கோயில் பக்கமே போக மாட்டாள். ஆட்டம் முடிந்த பிறகு வந்து பின்னலை மட்டும் பார்ப்பாள். பார்த்துவிட்டு, இன்னார் மகள் இன்னார் மகளுக்குக் குறுக்கே போயிருக்கிறாள் என்று சரியாகச் சொல்லுவாள்.

"பொருளும் அப்படித்தான்" என்றார் உலகம்மை. "ரெண்டும் பாதரசச் சரக்குதான். பூரத்துல பாதரசத்தோட ஒவ்வொரு அணுவும் ஒரு துணையைப் பிடிச்சிருக்கு. வீரத்துல ரெண்டைப் பிடிச்சிருக்கு. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் வெள்ளை. சுண்ணாம்பு வந்து துணையைக் கேட்டா விட்டுக் கொடுத்துதான் ஆகணும். எதை விட்டுச்சு, பதிலுக்கு எதைப் பிடிச்சுச்சுன்னு அப்ப தெரிஞ்சுரும்."

குற்றாலிங்கம் கேட்டார். "என்கூட எதைச் சேத்துப் பாப்பீங்க அம்மை?"

"நான் சேக்க மாட்டேன். அது தன்னால வரும்."

அதோடு எழுந்து போய்விட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த மலையில் மழை பெய்தால் மேலிருந்து மட்டும் பெய்யாது, பக்கவாட்டிலும் பெய்யும். உலகம்மை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். மற்ற ஆறு பேரும் மழை விட்ட நேரம் பார்த்து மூலிகை எடுக்கக் காட்டுக்குள் போய்விட்டார்கள். மருந்துச்சாலையில் குற்றாலிங்கமும் பூனையும்தான்.

காலையில் வியாபாரி வந்தார். கொல்லத்திலிருந்து பூரம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி ஒரு பொட்டலத்தைப் பெயரில்லாப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் இசக்கியம்மாள் வந்து சேர்ந்தாள். அடிவாரத்துத் தவில்காரர் மாடக்கண்ணுவின் மனைவி. மாடக்கண்ணுவுக்கு வாயிலும் கையிலும் புண். குச்சி பிடித்து இரண்டு மாதமாகிவிட்டது. பூரம் வந்ததும் அரிசியளவு வீதம் மூன்று நாளைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம் என்று உலகம்மை சொல்லியிருந்தார். மருந்துச்சாலையில் பூரம் தீர்ந்து பத்து நாளாயிற்று. அவள் தினமும் ஏறி வந்து கேட்டுவிட்டு இறங்குவாள்.

பலகையில் பொட்டலத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாக்கும் அண்ணாச்சி?"

வந்திருக்கிறது, ஆனால் இன்னும் அதனிடம் மூன்று கேள்வியும் கேட்கவில்லை என்றார் குற்றாலிங்கம். சுண்ணாம்புப் பானையைத் திறந்து பார்த்தார். அன்று காலை கரைத்தது. பால் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. தெளிய உச்சிப்பொழுதாகும். உட்காரச் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. மேல்மலை கறுத்துக்கொண்டு வருகிறது, ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் இன்று கடக்க முடியாது, அந்த மனுஷன் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் கிடக்கிறார் என்றாள். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"உங்க நாக்குக்குத் தெரியாததா அண்ணாச்சி? ஜமீனே உங்க நாக்கைத்தான நம்பிச்சு."

குற்றாலிங்கம் பொட்டலத்தைப் பிரித்தார். வெயிலில்லை. இருந்த வெளிச்சத்தில் பார்த்தார். சுண்டுவிரல் நுனியில் தூசியளவு தொட்டு நாக்கில் வைத்தார். பூரத்துக்குச் சுவை கிடையாது. இதற்கும் ஒரு சுவையும் தெரியவில்லை. காலையிலிருந்து நாலாவது வெற்றிலை வாயில் இருந்தது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பூரம்தான் என்றார். மூன்று மடிப்பு மடித்துக் கொடுத்தார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

அவர் ஓலை நறுக்கை எடுத்தார். பூரம் என்று எழுதினார். கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக வந்தது. பொட்டலத்தில் கட்டினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.

கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனியில் செம்புக் காசை வைத்தது போல ஒரு ருசி வந்தது.

ஜலதோஷம் என்று நினைத்தார்.

பிறகு எரிந்தது.

இப்போதும் ஜலதோஷம் என்று நினைக்கப் பார்த்தார். நினைப்பு பாதியில் நின்றுவிட்டது. சுண்ணாம்புப் பானையைத் திறந்தார். மேலே நாலு விரல் அளவுக்குத் தெளிந்திருந்தது. சிப்பியில் பொடியைப் போட்டுத் தெளிவை ஊற்றினார்.

கறுத்தது.

நல்ல கறுப்பு. பூரமேதான். அவருக்கு உயிர் வந்தது. அந்த எரிச்சல் சரக்கினுடையது இல்லை, வெற்றிலையினுடையது. இத்தோடு சிப்பியைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஓலையில் எழுதியது சரி என்று ஆகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

குற்றாலிங்கம் போகவில்லை. அங்கேயே நின்றார்.

முதல் கேள்வி தண்ணீர். அதைக் கேட்காமல் இரண்டாவதைக் கேட்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. பூரம் தண்ணீரில் கரையாது. வீரம் கரையும். ஆயிரம் பேர் கறுப்புச் சட்டை போட்டு நிற்கிற கூட்டத்தில் நூறு பேர் மஞ்சள் சட்டையில் நின்றால் தூரத்துப் பார்வைக்குத் தெரியாது. அவர்களைத் தனியாக வெளியே கூப்பிட வேண்டும்.

பொடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். படிய விட்டார். மேலே நின்ற தண்ணீரை மட்டும் ஒரு துணியில் வடித்தார். பார்த்தால் வெறும் தண்ணீர், குடிக்கலாம் போல. வேறொரு சிப்பியில் சுண்ணாம்புத் தெளிவை எடுத்துக்கொண்டு, வடித்த தண்ணீரில் ஒரு சொட்டை அதில் விட்டார்.

சொட்டு விழுந்த இடத்தில் ஒரு மஞ்சள் நூல் இறங்கியது.

இன்னொரு சொட்டு. இன்னொரு நூல்.

அவர் செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான். பிரித்தது, வடித்தது, கேட்டது எல்லாம் உலகம்மை செய்தால் எப்படிச் செய்வாரோ அப்படி. பாராட்ட ஆள் இல்லை. அவரும் நிற்கவில்லை.

ஓடினார்.

அந்த ஓட்டத்தைப் பற்றி மலையில் இன்றும் பேச்சுண்டு. ஐம்பத்தெட்டு வயது, தொந்தி, வழுக்குப் பாறை. வழியில் ஒரு மிளா மான் அவருக்கு ஒதுங்கி வழி விட்டது. அவர் கீழே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அவருடைய நிழல் வந்து சேர்ந்தது.

ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. இசக்கியம்மாள் இக்கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானை முடிச்சு அப்படியே இருந்தது.

குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கரையிலிருந்து ஒருவர் அப்போதுதான் ஏறிக் கரைக்கு வந்தார். சேலையைப் பிழிந்தார். நிமிர்ந்தார். உலகம்மை.

"என்ன அண்ணாச்சி, ஓட்டம்?"

குற்றாலிங்கத்துக்கு மூச்சு வரவில்லை. அதற்குள் இசக்கியம்மாள் சிரித்துவிட்டாள்.

"தேன் குடுக்க மறந்துட்டாவ போல. நல்லா ஓடி வந்திய அண்ணாச்சி, நானே வீட்டுல வச்சிருக்கேன்லா."

பாருங்கள், எவ்வளவு நல்ல பொய். அவர் தேடவில்லை. தானாக வந்து கையில் ஏறியது. ஆமாம் தாயி, தேன்தான், அந்தப் பொட்டலத்தைக் கொடு, குழைத்தே தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மருந்தும் திரும்பி வந்திருக்கும். ஓலையை அவிழ்த்திருக்கலாம். பலகையும் சுத்தமாகியிருக்கும். உலகம்மைக்குத் தெரிய வழியே இல்லை.

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். நாக்கு தடித்திருந்தது.

"தேன் இல்ல தாயி. அதுல வீரம் கலந்திருக்கு. கேக்காம கொடுத்துட்டேன்."

இசக்கியம்மாளின் கை முடிச்சின்மேல் போய் நின்றது. சிரிப்பு முகத்தில் பாதியில் இருந்தது. அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. அப்படியே முந்தானையைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள்.

 குற்றாலிங்கம் உலகம்மையைப் பார்த்துத் திரும்பினார். இன்னும் ஏதோ இருந்தது. நாக்குத் தடிப்பில் அது வெளியே வரக் கஷ்டப்பட்டது.

"ஓலையும் எழுதிட்டேன். நாக்கை நம்பிட்டேன்."

மூக்கைத் தொடப் போன கையைக் கீழே இறக்கினார்.

"ஜமீன்லயும் அப்படித்தான் அம்மை. அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் இல்ல."



உலகம்மை இசக்கியம்மாளின் முந்தானை முடிச்சைத் தானே அவிழ்த்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் மேலே ஏறினார்கள்.  வழியில் இசக்கியம்மாள் ஒருமுறை, யாரிடம் என்றில்லாமல், ஆறு ஏறினது நல்லதாப் போச்சு என்றாள்.

மேலே வந்ததும் உலகம்மை அவரைப் பால் விட்டு வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். பிறகு சிப்பிகளைப் பார்த்தார். கறுத்த சிப்பி. பக்கத்தில் மஞ்சள் படிந்த சிப்பி. வடித்த துணி. வெகு நேரம் பார்த்தார்.  அந்த மஞ்சள் சிப்பியை மட்டும் கழுவவில்லை. எடுத்துப் பத்திரமாக மேலே வைத்தார்.

பொடி முழுவதையும் தண்ணீரில் கழுவச் சொன்னார். குற்றாலிங்கம் கழுவினார். கழுவிய நீரைச் சுண்ணாம்புத் தெளிவில் விட்டால் மஞ்சள். இன்னொரு தடவை. மஞ்சள். நாலாவது தடவை இளமஞ்சள். ஏழாவது தடவை, தெரிந்ததா இல்லையா என்ற மாதிரி. ஒன்பதாவது தடவை சொட்டு விழுந்தது. தெளிவு தெளிவாகவே இருந்தது. பத்தாவது தடவையும் கழுவினார். யாரும் சொல்லவில்லை, அவராகக் கழுவினார். கழுவிய நீரை ஆற்றுப் பக்கம் விடாமல் ஒரு சாடியில் அடைத்து, வீரம் கலந்த நீர், தொடாதே என்று ஓலை கட்டினார்.

வெள்ளையாக மிஞ்சிய பூரத்தை உலர்த்தி, உலகம்மை நிறுத்து மடித்துக் கொடுத்தார். அதற்குள் ஆறு இறங்கியிருந்தது. இசக்கியம்மாள் பொட்டலத்தை வாங்கினாள். உலகம்மையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குற்றாலிங்கத்திடம் நீட்டினாள்.

"நீங்க கேட்டியளா அண்ணாச்சி?"

"பத்து தடவை கேட்டேன் தாயி."

முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மாடக்கண்ணு தை மாதக் கொடைக்குத் தவில் வாசித்தார். அந்தச் சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் மூன்று நாள் அக்கரைக்குப் போய்விட்டு வந்தன என்பார்கள். அது வேறு கதை.

அன்று பொழுது சாய்கிற நேரம். காட்டுக்குப் போன ஆறு பேரும் திரும்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் தும்மவில்லை.

குற்றாலிங்கம் பெயரில்லாப் பலகைக்கு அடியில் உட்கார்ந்து தன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேல்துண்டில் இரண்டு வேட்டி, வெற்றிலைப் பெட்டி, மூட்டை கட்டியாகிவிட்டது. இருட்டுமுன் ஆற்றைக் கடந்துவிட வேண்டும்.

உலகம்மை வந்து நின்றார். சுருட்டிய பாயைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"மூணு வருஷமா மனசுல ஒண்ணு கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார் குற்றாலிங்கம், நிமிராமல். "இனிமே அதைக் கேக்க எனக்கு வாயில்ல அம்மை."

"பாயைச் சுருட்டிட்டீங்களா?"

"சுருட்டிட்டேன்."

"அப்ப எடுத்துக்கிட்டு உள்ள போங்க" என்றார் உலகம்மை. "உங்களுக்குன்னு விட்டு வச்ச இடத்துல பூனை படுத்திருக்கும். மெதுவா எழுப்புங்க, மூணு வருஷப் பழக்கம் அதுக்கு."